இருபத்தோராம் நாள்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தவுடன் நாம் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். முதல் நாளே அதன் வலக்காதில் பாங்கு சொல்லப்படுகிறது. ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் சூட்டி, வசதியுள்ளோர் அகீகா கொடுக்கின்றனர். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது எண்ணப்படுகிறது. ஒரு வீட்டில் மவ்த் நேர்ந்தாலும் அவ்வாறே. துக்கத்திற்கு மூன்று நாள். கணவரை இழந்தவருக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. இந்தக் கணக்குகளை நம் வீட்டுப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். ஒரு நாள் கூடவோ குறையவோ விடமாட்டார்கள். ஆயினும் பிறப்புக்கும் இறப்புக்கும் பொதுவாக இன்னொரு நாள் உண்டு. அதை எண்ணும் வீடுகள் மிகக் குறைவு. அதுவே இருபத்தோராம் நாள்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த விதிகளின்படி, நம் மாநிலத்தில் ஒரு பிறப்போ இறப்போ நிகழ்ந்தால் 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் தெரிவிப்பவருக்குச் சான்றிதழின் முதல் நகல் கட்டணமின்றிக் கிடைக்கும். 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை. ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் விசாரித்து ஆணையிட வேண்டும். முதல் மூன்று வாரங்களில் ஒரு படிவத்தோடு முடியும் காரியம், பிறகு சாட்சி, விசாரணை, அலைச்சல் என்று நீண்டுவிடுகிறது.

கொடைக்கானலில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. பெரியகுளம், வத்தலக்குண்டு, உத்தமபாளையம் முதலிய ஊர்களிலிருந்து வியாபாரத்திற்காகவும் கூலிவேலைக்காகவும் மலையேறி வந்து குடியமர்ந்தவர்களின் பிள்ளைகளே என் மாணவர்களில் பெரும்பாலோர். ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது பெயர், தந்தை பெயர், வயது ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். இந்த மூன்றில் எத்தனை குழப்பம் ஒளிந்திருக்கிறது என்பதை அந்தப் பதிவேடே எனக்குக் கற்றுக்கொடுத்தது. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் வந்து அமரும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது மார்க்கச் சட்டம் பற்றியதாக இருப்பதில்லை. "உஸ்தாத், ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்றே தொடங்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை அவ்வாறு வந்தார். மகளுக்கு நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்திற்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஜமாஅத்தில் தஃப்தர் எழுத மறுக்கிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. பள்ளிக்கூடச் சான்றிதழின்படி அவளுக்கு 18 வயது நிரம்பியிருந்தது. "நம்ம மக்தபுல சேத்த நோட்டு இருக்கே, அதைப் பார்த்து வயசு ஆயிடுச்சுன்னு எழுதிக் கொடுங்க. உங்க கையெழுத்துன்னா ஏத்துக்குவாங்க" என்றார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். அவள் சேர்ந்த ஆண்டில் 'வயது 6' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் அந்த ஆறு, அவளை அழைத்து வந்த மாமா வாய்மொழியாகச் சொன்ன ஆறு. அதை வைத்துக் கூட்டினாலும் கழித்தாலும் 17 என்றும் வரும், 18 என்றும் வரும். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அந்த ஒற்றை எண்ணின்மீது ஏற்றிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடிதம் தர இயலாது என்று சொல்லிவிட்டுப் பிறப்புப் பதிவைத் தேடலாம் என்றேன்.

அவர் கோபத்தோடு எழுந்து சென்றார். ஆனால் மறுநாளே திரும்பி வந்தார். நகராட்சியில் முன்னரே தேடிப் பார்த்ததாகவும், அந்த ஆண்டின் பதிவில் தம் மகள் இல்லை என்றும் சொன்னார். இல்லாததற்குக் காரணத்தைப் பெண்ணின் தாயே சொன்னார். பிரசவ வலி கண்ட இரவில் இங்கிருந்து அவரை மலையிறக்கி, தேனி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள். குழந்தை பிறந்தது அங்கே, பதிவும் அங்கே. தந்தை அங்கே சென்று தேடியபோது தாய், தந்தை பெயருடன் 'பெண் குழந்தை' என்ற பதிவு கிடைத்தது. பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. பிறந்த தேதியைக் கணக்கிட்டபோது அவளுக்கு 17 வயதும் ஒரு மாதமும் ஆகியிருந்தது.

இங்கே வீட்டாரைப் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்திற்காகப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. நல்ல சட்டம் அது. ஆனால் சான்றிதழ் இல்லாத இடத்தில் வீட்டார் சொல்லும் தேதியே ஏட்டில் ஏறுகிறது. பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்று ஓராண்டு கூட்டிச் சொல்லப்பட்ட தேதி, காலப்போக்கில் அந்த வீட்டாருக்கே உண்மையாகிவிட்டது.

நிகாஹ் பதினொரு மாதங்கள் தள்ளிவைக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வருத்தம்; மண்டப முன்பணத்திலும் பாதிதான் திரும்பி வந்தது. அந்தப் பதினொரு மாதங்களுக்குள் அப்பெண் பிளஸ் டூ தேர்வு எழுதித் தேறினாள். பதிவில் பெயரைச் சேர்ப்பது தனிப் போராட்டமாயிற்று. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம் என்பது விதி. அவள் அந்த வயதையும் தாண்டியிருந்தாள். அரசு அறிவித்திருந்த கால நீட்டிப்பு ஒன்றைப் பயன்படுத்தியே அவள் பெயர் ஏறியது. மலையிலிருந்து தேனிக்கு எத்தனை முறை சென்று வந்தார் என்பதை அந்தத் தந்தைதான் அறிவார். கூலிவேலை செய்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இது ஒரு வீட்டின் கதையன்று என்பதே. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்வதாக 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தெரிவிக்கும் பொறுப்பு அந்நிறுவனத்தையே சேரும். ஆகவே இன்று நம்மில் பலருடைய சிக்கல், பதிவே இல்லை என்பதன்று. பதிவு எங்கோ இருக்கிறது. நம் கையில் இல்லை. இருக்கும் பதிவிலும் பெயர் இல்லை அல்லது பிழையாக இருக்கிறது.

மலைவாழ் மக்களுக்கு இது மேலும் கடினம். நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு என்பது சட்டத்தின் அடிப்படை. பூம்பாறையில் குடியிருந்தாலும் மன்னவனூரில் குடியிருந்தாலும், பிள்ளை தேனியில் பிறந்தால் சான்றிதழ் தேனியில்தான். மதுரையில் பிறந்தால் மதுரையில்தான். ஓடும் வாகனத்திலேயே பிறந்துவிட்டால், அவ்வாகனம் முதலில் நிற்கும் இடமே பிறந்த இடமாகக் கொள்ளப்படும். மலைப்பாதையின் வளைவுகளில் ஆம்புலன்ஸிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள் இருக்கும் ஊரில் இந்த விதியை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகெவி போன்ற ஊர்களில் நோயாளிகளை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். அத்தகைய ஊர்களிலும், பளியர் குடியிருப்புகளிலும் வீட்டில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் தெரிவிக்க ஒரு நாள் நடையும் ஒரு நாள் கூலியும் செலவாகும். அவர்கள் நம் அண்டை வீட்டார். ஒரு படிவத்தை நிரப்பத் தெரிந்தவர், தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுப்பதும் அண்டை வீட்டாரின் உரிமையைச் சேர்ந்ததே.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் பதிவேட்டில் 'முஹம்மது' என்று நான் எழுதிய மாணவன், பிறப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முகம்மத்', பள்ளியில் 'மொகமது' என்று நான்கு ஆட்களாக இருக்கிறான். ஃபாத்திமா, பாத்திமா, பாத்திமுத்து ஆகியவையும் ஒரே பெண்ணே. அரபுப் பெயரைத் தமிழில் எழுதி, அதை ஒருவர் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும்போது அவரவர் செவிக்கு எட்டியபடி எழுத்து விழுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் கடவுச்சீட்டுக்கோ வளைகுடா வேலைக்கோ செல்லும்போது அந்த ஒற்றை எழுத்து வாசலில் நின்று மறிக்கிறது. ஆகவே இப்போது பெயர் கேட்டு என்னிடம் வருவோருக்கு நான் பொருளை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. ஒரு தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதிக் கொடுத்து, "எங்கே கேட்டாலும் இதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்" என்கிறேன். ஏழாம் நாள் சூட்டிய பெயர் அதே வாரத்தில் பதிவிலும் ஏறிவிட்டால், அகீகாவின் மகிழ்ச்சி நிறைவு பெறும்.

சகோதர சகோதரிகளே, இறப்புப் பதிவில் நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு தடை இருக்கிறது. கணவரை இழந்த பெண் இத்தாவில் இருக்கிறார். அவருடைய நான்கு மாதம் பத்து நாளுக்குள்தான் அந்த 21 நாட்களும் வந்து போகின்றன. இறப்புச் சான்றிதழ் எவருக்கு மிகவும் தேவையோ, அவர் வீட்டினுள் இருக்கிறார். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு அது வேண்டும். வங்கிக் கணக்கிற்கும் காப்பீட்டிற்கும் விதவை உதவித்தொகைக்கும் அது வேண்டும். நமது மார்க்கம் வகுத்த பாகப்பிரிவினையைச் செய்வதற்கே, இன்றைய நிலையில் முதல் தாள் அதுதான். தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல இத்தாவிலிருக்கும் விதவைக்குப் பெரும்பான்மை மார்க்க அறிஞர்கள் அனுமதி தருகின்றனர். எனினும் அவரை அலைய விடாமல் அந்த வேலையை முடித்துக் கொடுப்பது குடும்பத்து ஆண்களின் கடமை. ஆண்கள் இல்லாத வீட்டில் அது மஹல்லாவின் கடமை.

ஜனாஸாவை நாம் எங்கே அடக்கம் செய்கிறோம் என்பதும், மவ்த் எங்கே நிகழ்ந்தது என்பதும் இங்கே வேறு வேறு. வத்தலக்குண்டு மலைச்சாலையில் விபத்தில் அடிபட்டவர் சமவெளி மருத்துவமனையில் உயிர் துறந்திருப்பார். கபர் கொடைக்கானலில் இருக்கும். பதிவோ கீழே இருக்கும். நம் மையவாடிப் புத்தகத்தில் பெயர் ஏறியதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். ஜமாஅத்தின் ஏடு நமக்குச் சாட்சி. அது அரசுப் பதிவின் இடத்தை நிரப்பாது. நிகாஹ் தஃப்தரும் அப்படித்தான். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யக் கட்டாயமாக்கியிருக்கிறது. தஃப்தரில் கையெழுத்திட்ட கையோடு சார்பதிவாளர் அலுவலகத்திற்கும் செல்ல வேண்டும்.

ஒருவருடைய தாளாக இருப்பது, எல்லாருடையதும் சேரும்போது ஊரின் கணக்காகிறது. எத்தனை குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறக்கின்றன, எந்த நோயால் இறக்கின்றன, எந்த ஊரில் எத்தனை பேருக்குத் தடுப்பூசியும் பள்ளிக்கூடமும் தேவை என்பவற்றை அரசு அறிவது இந்தப் பதிவுகளைக் கூட்டித்தான். 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளுள், மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை ஏறத்தாழ 22.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. கொரோனாக் காலத்தில் இதன் விலையைக் கண்டோம். பலர் நெருங்க அஞ்சிய உடல்களைத் தமிழகமெங்கும் நம் இளைஞர்கள் சமய வேறுபாடு பாராமல் நல்லடக்கம் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் இறந்தவர் குடும்பத்திற்கு 50,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது, இறப்பிற்குக் காரணம் கொரோனா என்று காட்டும் தாள் இல்லாதவர்கள் அதைப் பெறுவதற்கு அலைய வேண்டியதாயிற்று.

நாம் வாழும் கொடைக்கானலின் வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், சில ஆண்டுகளுக்குள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்தனர். அந்த இழப்புகளைக் கண்டு குளிர்ந்த இடம் தேடி மலையேறியவர்கள் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். இறந்தவர்களுக்குப் பெயரும் கணக்கும் இருந்தன. அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஓர் ஊர் எழுந்தது. அவர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே இம்மலையில் வாழ்ந்த பளியர்கள் அதே காய்ச்சலுக்கு எத்தனை பேரைக் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்தவர் இல்லை. எண்ணப்பட்டவர்களுக்காகவே உலகம் ஏற்பாடு செய்கிறது.

இன்று உலக நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று, 2030-க்குள் பிறப்புப் பதிவு உட்பட அனைவருக்கும் சட்டபூர்வமான அடையாளம் கிடைக்க வேண்டும் என்பது. ஆயினும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகள் இன்னமும் எந்தப் பதிவிலும் இல்லை என்று யுனிசெஃப் 2024-இல் கணித்தது.

நமக்கு இது புதிய செய்தியன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியும் சாட்சிகளைப் பற்றியும் பேசுகிறது. பணத்திற்கே அத்தனை கவனம் வேண்டுமென்றால் உயிருக்கு எவ்வளவு வேண்டும்? இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1,500 பேர் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிப்பதாகப் புகாரியில் காண்கிறோம். உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி உதவித்தொகை வழங்கியபோது, பால்குடி மறந்த குழந்தைகளுக்கே முதலில் பங்கு இருந்தது. ஓரிரவு, விடாமல் அழுத குழந்தையின் தாயிடம் காரணம் கேட்டார்கள். உதவித்தொகைக்காகவே முன்கூட்டிப் பால் மறக்கடிக்கிறேன் என்றார் அப்பெண், கேட்பவர் கலீஃபா என்பதை அறியாமல். மறுநாள் முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பங்கு உண்டு என்று அறிவிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பிறந்த கணத்திலிருந்தே ஓர் உயிர் கணக்கில் வர வேண்டும் என்ற முடிவை, ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டு எடுத்தவர் நம் கலீஃபா.

இதைப் படிக்கும்போது சிலர் மனத்தில் எழும் அச்சத்தை நான் அறிவேன். 2019-இல் அஸ்ஸாமின் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெறாமல் போயினர். அந்த ஆண்டின் இறுதியில் நம் மலையிலும் பலர் பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து, மஞ்சளேறிய தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். 'நம்மைப் பற்றி ஏன் எழுதித் தர வேண்டும்?' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்த அச்சத்தை நான் இகழமாட்டேன். ஆனால் பெட்டியில் தாள் இருந்தவர்கள் அன்றிரவு உறங்கினார்கள், இல்லாதவர்களே விழித்திருந்தார்கள். ஆவணம் கேட்கப்படும் நாளில் பாதுகாப்பற்று நிற்பவர் ஆவணம் இல்லாதவரே. மேலும் 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு வயதையும் பிறந்த இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. இப்போது தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு, எங்கள் தலைமுறைக்கு இருந்த மாற்று வழிகள் இருக்கப்போவதில்லை.

ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடியவை எளியவை. நிகாஹ் தஃப்தரிலும் மையவாடிப் புத்தகத்திலும் 'அரசுப் பதிவு எண்' என்று ஒரு பத்தி சேர்க்கலாம். அது வெறுமையாக இருந்தால் நினைவூட்டுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். அகீகா அழைப்பு வரும்போது, சான்றிதழில் பெயர் ஏறிவிட்டதா என்று இமாம் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் எந்த அலுவலகத்தில் பதிவாகிறது என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். ஜனாஸா முடிந்த மூன்றாம் நாள் ஆறுதல் சொல்லச் செல்லும்போது, படிவத்தை நிரப்ப ஒரு பேனாவும் எடுத்துச் செல்லலாம். மக்தபில் நான் இப்போது சேர்க்கையின்போது சான்றிதழைப் பார்த்தே பெயரையும் தேதியையும் எழுதுகிறேன். இல்லை என்பவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. பிள்ளை ஓதத் தொடங்கிவிடுகிறான், தந்தை தேடத் தொடங்குகிறார்.

பிறந்த குழந்தைக்குப் பேசத் தெரியாது. இறந்தவரால் பேச இயலாது. இவ்விருவர் சார்பாகவும் உண்மையை உரிய நாளில் எழுதிவைப்பது, நம்மிடம் விடப்பட்ட அமானிதம். அதை முறையாக நிறைவேற்றும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.